சிடிஎல்ஏ-4: எடுத்துப்போகும் நளினம்

நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்லுக்கு ஓர் அருமையான குணம் உண்டு. ஒற்றைச் சாட்சியை நம்பி அது சினம் கொள்வதில்லை. டென்ட்ரைட்டிக் செல் ஏந்திக் காட்டும் புரதத் துணுக்கு தன் ஏற்பியில் பொருந்துவது அதற்கு முதல் சைகை. அதே செல்லின் மேல் சிடி80, சிடி86 என்ற மூலக்கூறுகள் நிற்கின்றனவா என்று தன் மேலுள்ள சிடி28 என்ற மூலக்கூறால் தொட்டுப் பார்த்துக்கொள்வது இரண்டாவது. முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால், டி செல் மரத்துப்போய் ஒதுங்கிவிடும். சொந்த மூட்டுகளையும் கணையத்தையும் தாக்கக்கூடிய டி செல்கள் நம் எல்லோர் உடம்பிலும் சில திரிகின்றன. அவை சும்மா இருப்பதற்கு இந்த இரட்டை நிபந்தனையும் ஒரு காரணம். பிரெட்ஷரும் கோனும் 1970இல் இரண்டு சைகை என்ற எண்ணத்தை முன்வைத்தபோது இந்த மூலக்கூறுகளுக்குப் பெயர்கூட இருக்கவில்லை.

சிடி28 அழகுதான். ஆனால் என் மனம் போய் நிற்பது அதன் உடன்பிறப்பிடம். 1987இல் மார்செய் நகரில் பியர் கோல்ஸ்டீனின் ஆய்வுக்கூடம் கண்டெடுத்த, டி செல்லிலேயே இருந்து அதன் சினத்தைத் தடுக்கும் சிடிஎல்ஏ-4 அது. இரண்டின் மரபணுக்களும் 2ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு. சிடி80ஐத் தொடும் நுனியைச் சற்றுக் குனிந்து பாருங்கள்: மெத்தியோனின், டைரோசின், புரோலின், புரோலின், புரோலின், டைரோசின். ஆறே அமினோ அமிலங்கள். வளையாத மூன்று புரோலின்களை இருபுறமும் டைரோசின் காவல் காக்கிறது. உடன்பிறப்புகள் இருவரிடமும் இதே ஆறு, இதே வரிசையில்.

விரல் ஒன்றாக இருந்தும் பிடி ஒன்றல்ல. சிடி80ஐ சிடிஎல்ஏ-4 பற்றும் இறுக்கம் சிடி28ஐவிட ஏறத்தாழ 20 மடங்கு. இரட்டையாக இணைந்து நிற்கும் அதன் இரு கைகளும் வெளிப்புறமாக விரிந்து, தனித்தனி சிடி80ஐப் பற்றிக்கொள்ளும். சிடி80உம் இரட்டையாகவே நிற்பதால், ஒன்று மாற்றி ஒன்றாகக் கைகோத்த ஒரு சரம் உருவாகிறது. 2001இல் படிக ஆய்வில் இந்தச் சரம் தெரிந்தது. பூத்தொடுப்பவர்கூடக் குறை சொல்லமாட்டார்.

இனி, நான் சொல்ல ஆசைப்பட்டு வந்த இடம். சிடிஎல்ஏ-4 மேற்பரப்பில் நின்று காத்திருப்பதில்லை. அதில் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே இருக்கும். மேலே வரும், சற்று நேரத்தில் உள்ளே இழுபடும், திரும்பவும் வரும். இந்த ஓயாத ஏற்ற இறக்கம் எதற்கு என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 2011இல் டேவிட் சான்சமின் குழு விடையைக் காட்டியது. உள்ளே போகும்போது அது வெறுங்கையோடு போவதில்லை! எதிரே நிற்கும் செல்லின் மேலிருந்து சிடி80ஐயும் சிடி86ஐயும் பிடுங்கித் தன் செல்லுக்குள் கொண்டுபோய்விடுகிறது. பந்திக்கு வந்தவரோடு வாக்குவாதம் செய்யாமல், அவர் உட்காருமுன் இலையை மட்டும் எடுத்துவிடுவது போல. சிடி28 தேடி வரும்போது தொடுவதற்கு ஒன்றும் இருக்காது. தடுத்தல் என்றால் அதட்டல் என்றே நினைத்துப் பழகிய நமக்கு இந்த மென்மை புதிது. இந்த வேலையை நிறையச் செய்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள்.

அதற்குள்ளும் ஒரு நுணுக்கம். உள்ளே போனபின், அமிலம் கூடிய அறையில் சிடி86 பிடி விடுகிறது; கை காலியான சிடிஎல்ஏ-4 மீண்டும் மேலே வருகிறது. சிடி80 அப்படி விடுவதில்லை. அதோடு சேர்ந்தே சிதைவுக்குப் போகிறது. ஒரே கை, இரண்டு வழியனுப்புதல்.

இந்தக் கை இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். அந்த மரபணு நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள், பெருகிய டி செல்கள் உறுப்புகளுக்குள் புகுந்துவிட, மூன்று நான்கு வாரங்களில் இறந்தன. இது 1995இல். மனிதரில் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே குடலிலும் நுரையீரலிலும் மூளையிலும் தன்னுடல் தாக்குதல் நேரலாம் என்பது 2014இல் தெரிந்தது. பழுதிருந்தும் நோயில்லாமல் வாழ்கிறவர்களும் அந்தக் குடும்பங்களில் உண்டு.

மருந்து செய்தவர்களின் ரசனையையும் மெச்சவேண்டும். புதிதாக எதையும் கற்பிக்காமல், சிடிஎல்ஏ-4இன் வெளிப்பகுதியை மட்டும் எடுத்து, ஆன்டிபாடியின் வால்பகுதியோடு ஒட்டினார்கள். அதுதான் அபாடாசெப்ட். முடக்குவாதத்துக்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்ஆர்பிஏ என்ற புரதம் இல்லாததால் சிடிஎல்ஏ-4 மேலே திரும்பாமல் அழிந்துபோகும் நோயாளிகளுக்கும் அது கைகொடுத்திருக்கிறது.

ஆனாலும் மூலத்தின் நயம் முழுவதும் நகலில் இல்லை. அபாடாசெப்ட் சிடி80, சிடி86 மேல் ஒட்டி மறைக்கும், அவ்வளவே. செல்லுக்குள் வேரூன்றிய வால் இல்லாததால் பிடித்ததை எடுத்துப்போக அதற்கு இயலாது. ரத்தத்தில் அதன் அளவு 13 நாளில் பாதியாகிவிடும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தநாளம் வழியாகவோ, வாரம் ஒருமுறை தோலுக்கடியிலோ அதை மறுபடி ஏற்றவேண்டியிருக்கிறது.