அரக்கியரும் ஏவினவனும்
இராவணவதத்திற்குப் பின், பிராட்டியை நலிந்த அரக்கியரைக் கொல்லத் திருவடி அனுமதி வேண்டினான். அரசன் ஏவலால் செய்தார்கள் என்று அவள் தடுத்தாள். இப்பொறுமை தீங்கை மூடுமென்று ஆக்ஷேபிப்பாருண்டு.

திருப்பூர்ப் பின்னலாடைக்கு நூலளித்த ஆலைகள் சிலவற்றில், மூன்றாண்டு உழைப்பின் முடிவில் மணச்செலவுக்கு மொத்தத் தொகை தரும் ‘சுமங்கலித் திட்டம்’ நடந்தது. இளம்பெண்கள் விடுதியை விட்டுத் தனியே செல்லத் தடையிருந்தது. இடையில் விலகியோர் தொகையை இழந்ததுமுண்டு. அத்தடையைக் காத்த பெண்களும் கூலிக்கு ஏவல் செய்தவர்களே. ஒடுக்கப்பட்டவரே ஒடுக்குதற்குத் துணையாகும் இந்நிலையைப் பெண்ணியத் தத்துவ அறிஞர் கிளாடியா கார்டு 2002-இல் வெளியிட்ட நூலில் தீமையின் கூறாகவே ஆராய்ந்தார்.

பிராட்டியின் வாக்கு ஏவலாளருக்கு இரங்குகிறது, ஏவினவனை விடுவிக்கவில்லை. அவனுக்கும் ஹிதம் சொன்னவள், அவன் செய்ததைக் குற்றமென்றே சொன்னாள். சேதனனை உபதேசத்தால் திருத்துவதும் புருஷகாரக்ருத்யம் என்பது ஸ்ரீவசனபூஷணத்தின் நிலை. ஆகையால் ஆலைவிடுதியின் தீங்கைக் கண்டும் வாளாவிருப்பதற்கு அப்பொறுமையைப் பிரமாணமாக்குவது வ்யாக்யானத்துக்கு ஒவ்வாது.