எண்ணத் தெரிந்த முதலாளி

ஸ்பைடர்மேன் படத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போய், பர்ஸ் இளைத்துத் திரும்பியவரா நீங்கள்? அப்படியானால் மார்ட்டின் குட்மேனைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். மார்வெல் காமிக்ஸை ஆரம்பித்த ஆசாமி.

1908-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 1930-களில் சாணித்தாளில் அச்சடித்த மலிவு விலைக் கதைப் பத்திரிகைகளோடு தொழிலுக்கு வந்தார். கௌபாய் கதை விற்கிறதா, நாலு கௌபாய் பத்திரிகை. விற்கவில்லையா, உடனே மூடுவிழா. சூப்பர்மேன் சக்கைப்போடு போட்டதும், 1939-ல் பத்து சென்ட் விலையில் 'மார்வெல் காமிக்ஸ்' முதல் இதழ். அப்புறம் ஆண்களுக்கான சாகசப் பத்திரிகைகள். 'காட்ஃபாதர்' மரியோ பூஸோகூட அந்த ஆபீஸில் சம்பளத்துக்கு எழுதியவர்தான்.

குட்மேனைக் காப்பிக்காரர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. 1957-ல் விநியோகஸ்தர் கடையைக் கட்டிவிட, போட்டிக் கம்பெனியின் விநியோகத்தில் ஒண்டிக்குடித்தனம். மாதம் எட்டு இதழுக்கு மேல் கூடாது என்று நிபந்தனை வேறு. அதே போட்டிக் கம்பெனியின் சூப்பர் ஹீரோ கோஷ்டி நன்றாக விற்கவே, நமக்கும் ஒன்று வேண்டும் என்றார். மனைவி வழி உறவினரான ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் 1961-ல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கொடுத்தார்கள். கேட்டது காப்பி, வந்தது அசல். உள்ளே என்ன எழுதுகிறார்கள் என்று ரொம்ப நோண்டாத முதலாளியால் வந்த லாபம் இது.

சிலந்தி என்றால் ஜனங்களுக்கு அருவருப்பு என்று அவர் ஸ்பைடர்மேனை மறுத்ததாக லீ பலமுறை சொல்லியிருக்கிறார். மூடவிருந்த ஒரு பத்திரிகையின் கடைசி இதழில், 1962-ல், டிட்கோவின் ஓவியத்தோடு அவன் நுழைந்தான். விற்பனைக் கணக்கு வந்ததும் தனிப் பத்திரிகையே கிடைத்தது!

என் புகார் வேறு. பி.காம். படித்தவனுக்கு பாலன்ஸ் ஷீட்டைப் பார்க்கும் புத்தி போகாது. விற்ற பிரதியை எண்ணத் தெரிந்த மனுஷர், வரைந்தவரைச் செலவுக் கணக்கில் மட்டுமே எழுதினார். பக்கத்துக்கு இவ்வளவு கூலி, அத்தோடு சரி. 1968-ல் கம்பெனியைச் சுமார் ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றார். 2009-ல் டிஸ்னி மார்வெலை வாங்கிய விலை 400 கோடி டாலருக்கு மேல். அந்த விலை பேப்பருக்கா, பாத்திரங்களுக்கா? கிர்பி 1994-ல் போய்ச் சேர்ந்தார். அவர் வாரிசுகள் கோர்ட் படியேறி, 2014-ல்தான் சமரசம்.

குட்மேனும் ஒரு வகையில் ஏமாந்தவர்தான். ஆனால் அவரிடம் விற்க ஒரு கம்பெனி இருந்தது. கிர்பியிடம் அதுவும் இல்லை.

அடுத்த தடவை மார்வெல் படம் முடிந்ததும் பார்க்கிங்குக்கு ஓடாதீர்கள் சார். கிர்பி, டிட்கோ என்று சின்ன எழுத்தில் பெயர் வந்தால், குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.