டோபமைன் ஏற்பிகளின் வரைபடம்: எதுவரை நம்பலாம்?

பாலூட்டிகளின் மூளையில் டோபமைன் ஏற்பிகள் எங்கெங்கே உள்ளன என்பதைப் பாடநூல்கள் ஒரே வண்ணப்படத்தில் அடக்கிவிடுகின்றன. மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரயேட்டத்தில் டி1, டி2 என்னும் இரண்டு ஏற்பி வகைகளுமே செறிவு. பெருமூளைப் புறணியில் டி1 மிகுதி, டி2 சொற்பம். படம் முழுவதையும் ஒரே உறுதியோடு வரைந்திருப்பதுதான் அதன் குறை. மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளில் பெரும்பாலானவை டி2 ஏற்பியைத்தான் தடுக்கின்றன. ஆகவே படத்தின் எந்தப் பகுதி சான்றின்மேல் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பிரித்துப் பார்த்தே தீரவேண்டும்.

1979இல் கெபாபியனும் கால்னும் இந்த ஏற்பிகளை டி1, டி2 என வகுத்தார்கள். 1988 முதல் 1991 வரையிலான காலத்தில் ஐந்து மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. டி1, டி5 ஒரு குடும்பம். டி2, டி3, டி4 இன்னொன்று. இவற்றின் இருப்பிடம் சொல்ல இரண்டு முக்கியச் சாட்சிகள் உண்டு. கதிரியக்கப் பொருளை ஏற்பியில் ஒட்டவைக்கும் முறை, புரதம் இருக்குமிடத்தைக் காட்டும். தூது ஆர்என்ஏவைத் தேடும் முறை, புரதத்தைத் தயாரிக்கும் செல்லைக் காட்டும். ஒன்று சரக்கு போய்ச்சேரும் கடை என்றால் மற்றது பட்டறை. சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் ரெட்டிகுலேட்டா பகுதியில் இது தெளிவாகத் தெரியும். அங்கே டி1 புரதம் ஏராளம். டி1 தூது ஆர்என்ஏ ஏறத்தாழ இல்லை. ஸ்ட்ரயேட்டத்துச் செல்கள் ஏற்பியைத் தயாரித்து நீண்ட ஆக்சான் வழியே அங்கே அனுப்புகின்றன. ஒரு சாட்சியை மட்டும் கேட்டவருக்கு உண்மையில் பாதிதான் கிடைக்கும்.

ஸ்ட்ரயேட்டத்தில் இந்தச் சாட்சிகள் ஒத்துப்போகின்றன. நைக்ராவுக்குச் செல்லும் செல்களில் டி1, குளோபஸ் பாலிடஸுக்குச் செல்லும் செல்களில் டி2 என்று 1990இல் கெர்ஃபன் குழு எலிகளில் காட்டியது. டோபமைனை அழித்தபோது முதல்வகைச் செல்களில் சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடு குறைந்தது. இரண்டாம் வகையில் என்கெஃபலின் என்ற பெப்டைடு கூடியது. ஆனால் ஒரே செல்லில் இரண்டு ஏற்பிகளும் உண்டு என்று தனிச்செல் ஆய்வுகள் எதிர்வாதம் வைத்தன. பின்னர் ஒளிரும் புரதம் ஏற்றிய சுண்டெலிகளில் பார்த்தபோது, மேல் ஸ்ட்ரயேட்டத்தில் அத்தகைய செல்கள் சில சதவீதமே. நியூக்ளியஸ் அக்கம்பென்ஸின் ஓட்டுப்பகுதியில் அவை கூடுதல். எனவே பிரிவினை மெய். ஆனால் எங்கும் முழுமையானதல்ல.

புறணிக்கு வந்தால் நிலைமை வேறு. குரங்கின் முன்னெற்றிப் புறணியில் டி1 வகை, டி2 வகையைவிடப் பல மடங்கு என்று 1991இல் லிடோவும் கோல்ட்மன்-ராகிச்சும் கண்டது வலுவான முடிவு. சிக்கல், உயிருள்ள மனிதரில் அளக்கும்போது வருகிறது. பெட் ஸ்கேனில் பயன்படும் எஸ்சிஎச் 23390 என்ற பொருள் டி1ஐயும் டி5ஐயும் பிரித்தறியாது. செரட்டோனின் ஏற்பியிலும் ஒட்டும். மனச்சிதைவு நோயாளிகளின் முன்னெற்றியில் டி1 குறைவு என்று அதைக்கொண்டு 1997இல் ஒகுபோ குழு சொன்னது. வேறொரு பொருளைக்கொண்டு 2002இல் அபி-தர்காம் குழு அதிகம் என்றது. டி4 இதைவிடக் கடுமையான பாடம். ஒரு பொருளின் அளவீட்டிலிருந்து இன்னொன்றைக் கழித்து, நோயாளிகளின் ஸ்ட்ரயேட்டத்தில் டி4 ஆறு மடங்கு என்று 1993இல் ஓர் ஆய்வு அறிவித்தது. ஆனால் டி4ஐத் தடுக்கும் மருந்து 1997இன் சோதனையில் பயன் தரவில்லை.

எலியின் படத்தை மனிதர்மேல் அப்படியே போர்த்துவதும் பிழை. எலியில் டோபமைன் இழைகள் பெரும்பாலும் முன்பகுதிப் புறணியில் அடங்கும். குரங்கில் இயக்கப் புறணி உட்படப் பரந்து கிடக்கும்.

என் தீர்ப்பு இது: ஸ்ட்ரயேட்டத்தின் வரைபடம் ஏற்கத்தக்கது. புறணியில் டி1 முந்துகிறது என்பதையும் ஏற்கலாம். ஆனால் நோயில் அது கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லும் எந்த எண்ணையும், வேறுவேறு பிழைகளுக்கு ஆளாகும் இரண்டு முறைகள் ஒரே பதிலைத் தரும்வரை ஏற்கக்கூடாது. பாடநூல் எழுதுவோர் ஒவ்வொரு வண்ணத்தின் அருகிலும் அது எந்த முறையில், எந்த உயிரினத்தில் கிடைத்தது என்று அச்சிட வேண்டும்.