விட்டுக்கொடுத்த சங்கமும் தோட்டத்துக் கூலியும்

தொழிற்சங்கம் நிர்வாகத்துக்கு விட்டுக்கொடுப்பது பல வகையில் நடக்கும். கேட்ட கூலியைக் குறைத்துக்கொள்ளலாம், கைக்கு வந்த சலுகையை இழக்க ஒப்பலாம், வேலைநிறுத்தத்தைக் கைவிடலாம். மலேசியத் தமிழரிடையே இந்த விவாதம் பெரும்பாலும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. பேராக் ஆறு கடலில் சேரும் பாகான் டத்தோ வட்டாரத்தில் ரப்பரைவிடத் தென்னையும் செம்பனையும்தான் அதிகம். ஆனாலும் அந்தச் சங்கமும் முதலாளிகளின் அமைப்பான மாப்பாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள்தான் அங்குள்ள தோட்டக் குடும்பங்களின் அடுப்பையும் தீர்மானித்தன.

சங்கம் பிறந்த சூழலை விட்டுவிட்டு அதன் மிதவாதத்தை எடைபோட முடியாது. போருக்குப் பின் தோட்டங்களில் போராட்டம் ஓயவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கம் என்ற சொல்லே அச்சம் தந்த அந்தக் காலத்தைக் கடந்து, 1954இல் மாநிலவாரியாகச் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றாக இணைந்து இந்தச் சங்கமாயின. பி.பி.நாராயணன் தலைமையேற்றார். 1962இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பேச்சுவார்த்தையே வழி என்பது அவரது கொள்கை. அந்த வழியைத் தேர்ந்ததால்தான் சங்கம் கலைக்கப்படாமல் நின்றது.

நின்றதால் கிடைத்த பலன் சிறியதன்று. கூட்டு ஒப்பந்தம் வந்தபின், மாப்பாவில் சேர்ந்த தோட்டம் எந்த மூலையில் இருந்தாலும் கூலி விகிதம் ஒன்றே ஆனது. தோட்டத் துரையின் மனப்போக்குக்கு இருந்த இடம் சுருங்கியது. கிராணி என்ற தோட்டத்து எழுத்தர் கணக்கைக் குறைத்து எழுதினால் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்க முடிந்தது. வேலைநிறுத்தம் தோட்டப்புறத்தில் எவ்வளவு கனமான ஆயுதம் என்பதையும் நினைக்க வேண்டும். லயத்து வீடு நிர்வாகத்துடையது. வேலை போனால் கூரையும் போகும். இந்த நிலையில் இருந்தவர்களின் சார்பில் பேசியவர் நிதானமாகப் பேசியதைக் கோழைத்தனம் என்பது நியாயமாகாது.

குறை இருப்பது கூலியின் அளவைவிட அதன் அமைப்பில். நாட்கூலியைச் சங்கம் ஏற்றது. ரப்பர் விலையோடு கூலியை முடிச்சுப் போடுவதையும் ஏற்றது. விலை ஏறினால் கூலியில் கொஞ்சம் ஏறும், இறங்கினால் இறங்கும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். கத்தியும் வாளியும் கையிலிருக்க, வானத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் கூலி கரையும். இலையுதிர் மாதங்களில் பால் குறையும், கூலியும் கூடவே குறையும். உலகச் சந்தையின் சரிவையும் பருவத்தின் கோளாறையும் தாங்கும் பொறுப்பு முதலீடு போட்டவருக்கு உரியது. அதில் ஒரு பங்கு, சேமிப்பே இல்லாதவரின் தோளுக்கு இறங்கியது. செம்பனைக் குலை வெட்டுவோருக்கான ஒப்பந்தத்திலும் எண்ணெய் விலையோடு இணைந்த ஊக்கத்தொகை இதே ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். சங்கம் செய்த விட்டுக்கொடுப்புகளில் மிகப் பெரியது இதுவே. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் சில காசு கூடியபோதும் இந்த அடிப்படை பல பத்தாண்டுகள் அசையவில்லை.

சட்டமும் சங்கத்தின் கையைக் கட்டியது. 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின்படி வேலைக்கு எடுப்பது, இடமாற்றுவது, ஆட்குறைப்பு, பணிநீக்கம் ஆகியவை நிர்வாகத்தின் உரிமையாக இருந்தன. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அவற்றைச் சேர்க்க முடியாதிருந்தது. தகராற்றை அமைச்சர் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் அதன்பின் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். 1990இல் மாதச் சம்பளம் கேட்டு நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது; அதுவும் அந்த நீதிமன்ற வாசலில் போய்த்தான் முடிந்தது.

2003இல் மாதச் சம்பளம் வந்தது: 350 வெள்ளி (ரிங்கிட்). தீபகற்ப மலேசியாவில் ஒரு குடும்பத்துக்கான வறுமைக்கோடு 2002இல் 529 வெள்ளியாக இருந்தது. தோட்டத்தில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போவது வழக்கம் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனால் ஒருவர் சம்பாத்தியத்தில் ஓடும் வீடு கோட்டுக்கு வெகு கீழே நின்றது. கொள்கை அளவில் அது வெற்றி, தொகை அளவில் அது பணிவு. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 2007இல் மறியல் நடத்திக் கேட்ட குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2013 ஜனவரியில் அதே தொகை தீபகற்பத்தில் சட்டமாயிற்று. ஒப்பந்த மேசையில் பெற முடியாததை அரசாணை தந்தது. நிர்வாகத்தால் கொடுக்கவே முடியாது என்ற வாதத்தை அப்படியே நம்பியது சரியா என்ற கேள்வியும் அதோடு எழுந்தது.

இலங்கை மலையகத்தில் கதை வேறு விதமாகத் திரும்பியது. நாளுக்கு 1000 ரூபாய் கேட்ட சங்கங்கள் 2016இல் 500 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கும் 2019இல் 700 ரூபாய்க்கும் ஒப்பந்தம் போட்டன, தொழிலாளர் கொதித்தனர். 2021இல் சம்பளச் சபை வழியாக 1000 ரூபாய் வந்தபோது கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. மெலிந்த ஒப்பந்தத்துக்கும் ஒரு காவல் மதிப்பு உண்டு என்பது அது போனபின் தெரிந்தது. அமெரிக்காவில் திவாலாகும் நிலையிலிருந்த கிறைஸ்லர் நிறுவனத்துக்காக வாகனத் தொழிலாளர் சங்கம் 1979 முதல் சலுகைகளை விட்டது. பதிலுக்கு 1980இல் சங்கத் தலைவர் டக்ளஸ் ஃபிரேசர் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இடம் பெற்றார். ஆனால் நொடித்துப்போகாத மற்ற கம்பெனிகளும் அடுத்தடுத்து அதே சலுகையைக் கேட்டு வந்தன. ஓரிடத்தில் விட்டது எல்லா இடத்துக்கும் அளவுகோலாகிவிடும் ஆபத்து இது.

எனவே ஒரு விட்டுக்கொடுப்பை எடைபோடும்போது மூன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது: எதை விட்டார்கள், பதிலுக்கு என்ன வாங்கினார்கள், வெட்டுக்காட்டில் நின்றவரைக் கேட்டார்களா. தோட்டச் சங்கம் முதலிரண்டில் ஓரளவு பதில் சொல்லும். மூன்றாவதில் திணறும். பேச்சு தலைநகரத்துப் பக்கம் நடந்தது. முடிவு தோட்டத்துக்குச் செய்தியாகவே வந்து சேர்ந்தது.

பாகான் டத்தோ பக்கம் இன்று குலை வெட்டுபவரில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பழைய தொழிலாளரின் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். ஆட்குறைப்பு இழப்பீடு பற்றிய 1980ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி, ஐந்தாண்டோ அதற்கு மேலோ உழைத்து ஆட்குறைப்பில் போகிறவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி இழப்பீடு. முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 600 நாள் கூலி வரும். அதுவும் அந்தக் குறைந்த கூலியை வைத்தே கணக்கிடப்படும். லயத்து வீடு அந்தக் கணக்கில் சேராது.