'புற்றுநோய் விடுதி'யும் எமது முதியோரும்

சொல்செனிற்சினின் 'புற்றுநோய் விடுதி' 1968இல் மேலைநாடுகளில் வெளிவந்தபோது பலரும் அதனை அரசியல் ஆவணமாகவே வாசித்தனர். ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இவ்விடயத்தில் ஒரே தவற்றையே செய்தனர். தனக்கு அளிக்கப்படும் கதிர்ச் சிகிச்சையும் ஹோர்மோன் ஊசியும் தன்னை என்ன செய்யும் என்பதை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டா என்று கொஸ்ரோகுளொத்தவ் பெண் மருத்துவர் தொந்சோவாவுடன் வாதிடுகிறானே, அங்கேதான் நாவலின் உயிர் இருக்கிறது.

ஆனால் அவ்வாதத்தில் இருவரே உளர். எமது இல்லங்களில் மூன்றாமவர் ஒருவர் உண்டு, தீர்ப்பும் அவருடையதே. எண்பது வயது ஆச்சிக்கு உணவுக்குழாயில் புற்று என்று அறிந்ததும் பிள்ளைகள் கூடிப் பேசுவர். ஆச்சியிடம் 'சின்னப் புண்' என்பர். ஒரு சாரார் எல்லாச் சிகிச்சையும் வேண்டுமென்பர். மறுசாரார், வயது போய்விட்டது, எதற்கு வதைப்பான் என்பர். இரு சாராருமே ஆச்சியைக் கேட்பதில்லை.

கேட்பதற்கு விடயம் நிறைய உண்டு. நெஞ்சையும் வயிற்றையும் திறந்து, உணவுக்குழாயை அகற்றி, இரைப்பையை மேலிழுத்துப் பொருத்தும் அறுவை பேரறுவை. அதற்குமுன் மருந்தும் கதிரும் அளித்தால் நோயாளர் வாழ்நாளின் இடைநிலை அளவு 24 மாதத்திலிருந்து 49 மாதமாக உயர்ந்ததென 2012இல் வெளிவந்த ஒல்லாந்து ஆய்வு காட்டியது. ஆயின், 75 வயதைக் கடந்தோர் அவ்வாய்வில் சேர்க்கப்படவேயில்லை! வயதைவிட உடலின் வலுவே முக்கியம் என்பது உண்மையே. எனினும் அவ்வெண்ணை எண்பது வயதினருக்குக் கூறும் மருத்துவர் இதனையும் கூறக் கடமைப்பட்டவர். அச்சிகிச்சையில் கதிர் 23 தடவை, ஐந்து வாரம். அரச மருத்துவமனையில் கட்டணமில்லை. ஆயினும் தோட்டத்து லயத்திலிருந்து மகரகமவுக்குத் தாயை அழைத்துவரும் மகளின் நாட்கூலியை யார் கொடுப்பார்? வெற்றிலையும் புகையிலையும் மென்று இந்நோய்க்கு ஆளாவோர் பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்தினரே. 'தெரிவு' என்ற சொல்லுக்குள் இந்தக் கூலிக்கணக்கும் அடங்கும்.

நோய் தீராது என்றானபின்னும் தெரிவு முடிவதில்லை. உலோக வலைக்குழல் செலுத்தினால் விழுங்கும் வழி விரைவில் திறக்கும். உட்கதிர்ச் சிகிச்சையின் பயன் தாமதித்து வந்தாலும் நெடிது நிலைக்கும். எஞ்சிய நாட்கள் வாரங்களா மாதங்களா என்பதை அறியாதவர் இவற்றுள் எதைத் தெரிவார்?

நாவலில் முதியவர் ஷூலுபின் மலக்குடற் புற்றுக்கு அறுவையை எதிர்நோக்கியிருக்கிறார். அவர் அஞ்சுவது சாவையன்று. மலம் விலாவழி வெளியேறும் தன்னருகே இனி எவரும் அமரார் என்பதையே. அவ்வச்சத்தைச் செவிமடுக்க அவருக்குக் கொஸ்ரோகுளொத்தவ் கிடைத்தான். ஒரு வாய் கஞ்சி இறங்கினால் போதும் என்று எமது ஆச்சி எண்ணுகிறாரா, பேரனின் கலியாணம் வரையேனும் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறாரா என்பதை எமது சிறுகதையாசிரியர்கள் இன்னும் எழுதவில்லை. அவர்கள் எழுதுவது கட்டிலைச் சூழ நின்று அழும் பிள்ளைகளையே.