கயிறு வீசுபவர் கையில் பில் புத்தகம் இருக்கலாமா?

சிட்னிக்கு வடக்கே ப்ரோக்கன் பே என்று ஒரு விரிகுடா. அதன் வாயில் லயன் ஐலண்ட் என்ற குட்டித் தீவு, தெற்குப் பக்கம் பாரன்ஜோயி கலங்கரை விளக்கம். சில வருடங்களுக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக சிட்னியில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் ஐந்து மீட்டர் மோட்டார் படகில் அங்கே மீன் பிடிக்கப் போனோம். நண்பர், அவருடைய எட்டு வயது மகள், நான். மூன்று மணி நேரம் தூண்டிலை நனைத்தோம், அவ்வளவுதான். திரும்பலாம் என்று கிளப்பியபோது இன்ஜின் நாலு முறை இருமிவிட்டு நின்றது. பெட்ரோலில் தண்ணீர். குளிர்காலம் முழுக்க டேங்கைப் பாதி காலியாகவே வைத்திருந்தாராம். உள்ளே வியர்த்து வியர்த்துச் சேர்ந்த தண்ணீர்.

நங்கூரம் போட்டோம். கயிறு போதவில்லை. நீர் வற்றும் நேரம் வேறு, ஓட்டம் எங்களை மெதுவாக வெளிக்கடல் பக்கம் இழுத்தது.

"ரேடியோவுல கூப்பிடுங்களேன்" என்றேன்.

"இருங்க பாஸ். இழுத்துட்டு வந்தா எவ்வளவு கேப்பாங்களோ. இன்னொரு தடவை ட்ரை பண்றேன்."

அந்த "இன்னொரு தடவை" நாற்பது நிமிடம் நீண்டது. கடைசியில் குழந்தை வாந்தி எடுத்த பிறகுதான் சேனல் 16-ல் கூப்பிட்டார். மரைன் ரெஸ்க்யூ நியூ சவுத் வேல்ஸ் படகு வந்தது. அதில் வந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், இன்னொருவர் தச்சு வேலை செய்பவர். கயிறு வீசினார்கள், கட்டினோம், இழுத்துப் போய்த் துறையில் விட்டார்கள். நண்பர் பர்ஸை எடுத்ததும் ஆசிரியர் சிரித்தார்: "பில் எல்லாம் இல்லை. மனசிருந்தா எங்க யூனிட்டுக்கு ஏதாவது கொடுங்க."

அன்றிலிருந்து இந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது. பொழுதுபோக்குக்குக் கடலுக்குப் போகிறவனைக் காப்பாற்றும் தன்னார்வலர்களின் செலவை யார் ஏற்க வேண்டும்? இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மூன்று விதமான பதில்களை மாறி மாறிச் சொல்கிறார்கள். "போகிறவன் கட்டட்டும்", "நன்கொடையே போதும்", "அரசாங்கம் கொடுக்கட்டும்." மூன்றிலும் எனக்குக் குறை தெரிகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எதற்குச் செலவு?

பலரும் இதை ஆட்டோ சவாரி மாதிரி கற்பனை செய்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள், எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், இந்தா பில். உண்மையில் செலவின் பெரும்பகுதி யாரும் கூப்பிடாதபோது ஆவது. ரேடியோ அறையில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். மலையுச்சியில் ரிப்பீட்டர் வேலை செய்ய வேண்டும். படகு தயாராக நிற்க வேண்டும். ஆட்கள் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சம்பளம் வாங்காத மனிதர்கள்தான், ஆனால் டீசல் தன்னார்வமாக ஊறுவதில்லை. பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ. பயன்படுத்தும் ஷானன் வகை உயிர்காப்புப் படகு ஒன்றின் விலை 20 லட்சம் பவுண்டுக்கு மேல்.

என் தொழிலில் இதற்கு ஆன்-கால் என்று பெயர். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்க ஒருவர் இருக்க வேண்டும். விழாத ராத்திரிகளுக்கும் சேர்த்துத்தான் அந்த ஏற்பாடு. எத்தனை முறை போன் அடித்தது என்று எண்ணி அதற்கு மட்டும் காசு கொடுத்தால், போனை எடுக்க ஆளே இருக்காது. கடல் மீட்பும் அப்படித்தான். நாம் வாங்குவது தயார்நிலை.

"போகிறவன் கட்டட்டும்"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. படகு வாங்க வசதி இருக்கிறவனுக்கு இழுவைக் காசு கொடுக்க முடியாதா? என் ஆட்சேபம் அந்த நாற்பது நிமிடம். என் நண்பர் கஞ்சர் இல்லை. எந்த பில்லும் வராத இடத்தில், பில் வரும் என்ற வெறும் ஊகமே அவர் கையைக் கட்டிப்போட்டது. உண்மையிலேயே பில் போட்டால்?

கடல் சட்டம் உயிருக்கும் பொருளுக்கும் நடுவே பழைய கோடு ஒன்று வைத்திருக்கிறது. கப்பலையோ சரக்கையோ காப்பாற்றினால் வெகுமதி கேட்கலாம். உயிர் பிழைத்தவரிடம் கேட்க முடியாது. 1989-ம் ஆண்டு சர்வதேச சால்வேஜ் ஒப்பந்தமும் இதையே சொல்கிறது. நல்ல கோடுதான். ஆனால் கடலில் அது அசையாமல் நிற்பதில்லை.

1981 டிசம்பர் 19, கார்ன்வால் கடற்கரை. யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பல், முதல் பயணம். எரிபொருளில் கடல்நீர் கலந்து இன்ஜின் நின்றது. (இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.) பக்கத்தில் இருந்த இழுவைக் கப்பல் சால்வேஜ் ஒப்பந்தத்தின்பேரில் உதவ முன்வந்தது. கேப்டன் முதலில் மறுத்தார், உரிமையாளர்களோடு பேசிய பின் சம்மதித்தார். பிறகு புயலில் ஹெலிகாப்டராலும் முடியாமல் போக, பென்லீ நிலையத்து உயிர்காப்புப் படகு போனது. கப்பலில் இருந்த எட்டுப் பேரும் காப்பாற்றப் போன எட்டுத் தன்னார்வலர்களும் இறந்தார்கள். அந்தத் தயக்கம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அது பேய்ப் புயல். அது பொழுதுபோக்குப் படகும் இல்லை. ஆனால் நடுக்கடலில் காசுக் கணக்குப் போட வைக்கும் எந்த ஏற்பாட்டையும் நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

அமெரிக்கா இந்தக் கோட்டை வேறு விதமாகக் கையாண்டது. 1980-களின் தொடக்கத்தில், அவசரமில்லாத இழுவை வேலையைக் கடலோரக் காவல்படை தனியாருக்கு விட்டது. 1983-ல் சீ டோ கம்பெனி வந்தது. போட்யூஎஸ் அமைப்பின் இழுவைச் சேவையும் வளர்ந்தது. ஆண்டுச் சந்தா கட்டியிருந்தால் பழுதான படகை இழுத்து வருவார்கள். கட்டாதவருக்கு நூற்றுக்கணக்கான டாலர் பில். உயிராபத்து என்றால் கடலோரக் காவல்படை இலவசமாக வரும். சந்தா விஷயத்தில் எனக்குப் புகார் இல்லை. தயார்நிலைக்கு முன்கூட்டியே காசு சேர்க்கும் புத்திசாலித்தனமான வழி அது. பிரச்சினை, "வெறும் பழுது" எப்போது "ஆபத்து" ஆகிறது என்பதில். எங்கள் படகு பத்து மணிக்குப் பழுது. பத்தே முக்காலுக்கு? காற்று கொஞ்சம் திரும்பியிருந்தால் கதை வேறு.

"நன்கொடையே போதும்"

இந்தக் கட்சிக்கு ஆர்.என்.எல்.ஐ. ஒரு கோயில். 1824-ல் தொடங்கிய அமைப்பு, 238 நிலையங்கள், பெரும்பாலும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் மக்கள் பணம். 1854 முதல் 1869 வரை அரசு மானியம் வாங்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். ஜெர்மனியின் டி.ஜி.இசட்.ஆர்.எஸ். 1865-லிருந்து இதே வழி. 1875-லிருந்து குட்டிக் கப்பல் வடிவ உண்டியல் வைத்து வசூலிக்கிறார்கள். எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் "அவர்களால் முடிகிறதே, மற்றவர்களால் ஏன் முடியாது?" என்ற கேள்வியில் மூன்று விஷயங்கள் மறைந்துபோகின்றன.

ஒன்று, ஆர்.என்.எல்.ஐ. வருமானத்தில் பாதிக்கும் மேல் உயில் சொத்து. யாரோ ஒரு பாட்டி இறக்கும்போது எழுதிவைத்தது. இருநூறு வருட நம்பிக்கை இல்லாமல் அப்படி எழுத மாட்டார்கள். அதை நேற்று தொடங்கிய அமைப்பு நகலெடுக்க முடியாது.

இரண்டு, பணம் மையமாகச் சேர்ந்து பிரிகிறது. கடலே இல்லாத ஊரில் விழுந்த காசு, ஸ்காட்லாந்தின் ஆளில்லாத கரையில் படகாக நிற்கிறது. ஒவ்வொரு யூனிட்டும் தன் ஊரில் குலுக்கல் சீட்டு விற்று, சாசேஜ் சுட்டுத் தன் படகைத் தானே வாங்க வேண்டிய இடத்தில் கதை வேறு. பணக்காரத் துறைமுகத்தில் புதுப் படகு, நீளமான கரையும் குறைந்த ஜனமும் உள்ள இடத்தில் பழைய படகு. ஆபத்து எங்கே அதிகமோ அங்கே காசு குறைவு. அதோடு, மீட்புக்குப் பயிற்சி எடுக்க வேண்டிய ஆள் சனிக்கிழமையை உண்டியல் குலுக்குவதில் கழிக்கிறார்.

மூன்று, நன்கொடை செய்தியைப் பார்த்து வரும். 2021 ஜூலையில், ஆங்கிலக் கால்வாயில் அகதிகளைக் காப்பாற்றுவதற்காக ஆர்.என்.எல்.ஐ.-யை நைஜல் ஃபராஜ் "டாக்ஸி சர்வீஸ்" என்று திட்டினார். பதிலடியாக ஒரே நாளில் 2 லட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை குவிந்தது. எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். ஆனால் கோபத்தில் வந்த பணம் இன்னொரு கோபத்தில் போகாது என்று என்ன உத்தரவாதம்?

இன்னொன்றும் உண்டு. பிரிட்டனில் கடலில் ஓட்டும் பொழுதுபோக்குப் படகுக்குக் கட்டாயப் பதிவும் இல்லை, ஓட்டுநர் உரிமமும் இல்லை. படகுக்காரரிடம் கட்டணம் வசூலிக்க அங்கே கவுன்டரே கிடையாது.

"அரசாங்கம் கொடுக்கட்டும்"

ஆஸ்திரேலியாவில் அந்தக் கவுன்டர் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் 2009-ல் மூன்று பழைய தன்னார்வ அமைப்புகளின் பிரிவுகளை இணைத்து மரைன் ரெஸ்க்யூ உருவானது. படகுப் பதிவிலும் உரிமத்திலும் ஒரு சிறு தொகை அதற்குப் போகிறது. கூடவே அரசு மானியம், கூடவே சொந்த வசூல். என் நண்பர் பதிவைப் புதுப்பித்தபோதெல்லாம் தன் இழுவைக்கு முன்பணம் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அது அவருக்கே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. தெரிந்திருந்தால் நாற்பது நிமிடம் மிச்சம்.

எனக்குப் பிடித்த முறை இதுதான், ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. அங்கே 4 கிலோவாட்டுக்குக் குறைந்த இன்ஜினும் 5.5 மீட்டருக்குக் குறைந்த நீளமும் இருந்தால் பதிவு தேவையில்லை. பத்து நாட் வேகத்துக்குக் கீழே ஓட்டினால் பெரும்பாலும் உரிமமும் வேண்டாம். கயாக், சின்னப் பாய்மரம், பாறையில் நின்று மீன் பிடிப்பவர் எல்லோரும் வலைக்கு வெளியே. கடலில் அதிகம் தெரியாமல் மாட்டிக்கொள்வதும் இவர்கள்தான். கயாக்குக்கும் பதிவுச்சீட்டு போடலாம் என்பார்கள். வசூலிக்கும் செலவே வசூலைத் தின்றுவிடும். இந்த இடைவெளியைப் பொதுப் பணம்தான் நிரப்ப வேண்டும். 1979-ம் ஆண்டு ஹாம்பர்க் ஒப்பந்தப்படி தேடல்-மீட்பு ஏற்பாடு செய்வது அரசின் கடமை. தன்னார்வலர்கள் அந்தக் கடமையின் ஒரு பங்கைச் சம்பளமில்லாமல் சுமக்கிறார்கள்.

அப்படியானால் முழுசாக அரசே எடுத்துக்கொள்ளலாமே? குயின்ஸ்லாந்து கிட்டத்தட்ட அந்தப் பக்கம் போயிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் மரைன் ரெஸ்க்யூ குயின்ஸ்லாந்து என்ற ஒரே அரசு சார் சேவை. பழைய தன்னார்வ யூனிட்டுகள் அதில் சேரத் தொடங்கின. படகு நன்றாகும், சீருடை ஒன்றாகும், உண்டியல் வேலை குறையும். எனக்குள்ள பயம் ஒன்றுதான். முப்பது வருடம் சாசேஜ் சுட்டு வாங்கிய படகு "நம்ம படகு". தலைமையகம் அனுப்பிய படகு "டிபார்ட்மென்ட் படகு". அந்த ஒரு சொல் மாறினால், ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடிக்கும்போது எழுந்திருக்கிற வேகமும் மாறலாம்.

அப்புறம் என்னதான் வழி?

செலவைப் பிரித்துப் பார்த்தால் விடையும் பிரிந்து கிடைக்கிறது. படகு, ரேடியோ, பயிற்சி, எரிபொருள் என்ற தயார்நிலைச் செலவுக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு. வலைக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் பொதுப் பணம். இரண்டும் பல வருட ஒப்பந்தமாக இருக்கட்டும், பட்ஜெட்டுக்கு பட்ஜெட் கையேந்த வேண்டாம். பழுது இழுவைக்கு விரும்பினால் ஆண்டுச் சந்தா. நார்வேயின் ரெட்னிங்ஸ்செல்ஸ்காபெட் 1891-லிருந்து இருக்கிறது, அங்கே உறுப்பினருக்குப் பழுது உதவி இலவசம், மற்றவருக்குக் கட்டணம், உயிர் மீட்பு எல்லோருக்கும் இலவசம். நன்கொடை மேலதிகமாக, அந்தந்த யூனிட்டின் "நம்ம படகு" உணர்வுக்காக. படகு மிதக்க அதை நம்பக் கூடாது.

கட்டணம் எதுவானாலும் ஒரே நிபந்தனை: அது கடலில் பேசப்படக் கூடாது. முன்னால் கட்டுங்கள், அல்லது கரை சேர்ந்து ஒரு வாரம் கழித்துத் தபாலில் வரட்டும். ரேடியோவில் கேட்கும் முதல் கேள்வி "எங்கே இருக்கீங்க, எத்தனை பேர்?" என்பதாகவே இருக்க வேண்டும், "மெம்பரா?" என்று இருக்கக் கூடாது. சந்தேகமான கேஸ் எல்லாம் ஆபத்துக் கணக்கில் எழுதப்பட வேண்டும். சிலர் ஏமாற்றுவார்கள். ஏமாற்றட்டும். அந்த நஷ்டம், கூப்பிடத் தயங்குகிற ஒருவரைத் தேடும் ஹெலிகாப்டர் செலவைவிடக் குறைவு.

"கடலையே பார்க்காதவன் வரி ஏன் இதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தன்னார்வலர் இல்லாவிட்டால் அதே வேலையைப் போலீஸும் கடற்படையும் சம்பளத்தோடு செய்யும். அதுவும் அதே வரியிலிருந்துதான். பங்கு எவ்வளவு என்பதில் சண்டை போடலாம்.

கடைசியாக என் கணக்கு. அன்று படகில் இருந்த மூவரில் பதிவுக் கட்டணம் கட்டியவர் ஒருவர். நான் கட்டியது பூஜ்யம். ஊர் திரும்பிய பிறகு அந்த யூனிட்டுக்கு மாதாமாதம் கொஞ்சம் போகும்படி வைத்தேன். நன்கொடையை நம்பக் கூடாது என்று இவ்வளவு நீளம் எழுதிவிட்டு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நண்பர் இப்போது புறப்படும்போதே ரேடியோவில் பெயர் பதிகிறார், டேங்கையும் நிரப்பி வைக்கிறார். மகள் மறுபடி படகில் ஏற இரண்டு வருடம் ஆனது.