யாழினி: இனியவளா, இசைப்பவளா?

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் இன்று பெண்குழந்தைக்கு விரும்பி வைக்கிற பெயர்களில் யாழினியும் ஒன்று. நல்ல பெயர்தான். பொருள் கேட்டால் மட்டும், "யாழைப் போல இனியவள்ங்க" என்று சட்டென்று பதில் வருகிறது. மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் மழலைக்குப் பக்கத்தில் குழலையும் யாழையும் வைத்துப் பேசியது மனத்தில் தங்கியதால் பிறந்த விளக்கம் என்று நினைக்கிறேன்.

எனக்கு இது ஒப்பவில்லை. இனியவளை 'இனி' என்று நறுக்கினால் அது 'இனிமேல்' ஆகிவிடும்! பாடினி என்ற பழஞ்சொல்லைப் பாருங்கள். பாணர் குடிப் பெண்ணைக் குறிப்பது. பாட்டைப் போல இனியவள் என்று யாரும் அதற்குப் பொருள் சொன்னதில்லை, பாடுகிறவள் என்றே சொல்வர். வடமொழி மாலினிகூட மாலை உடையவள்தான். ஆகவே யாழினி யாழை உடையவள், அதை இசைப்பவள். பெயர் புதிது, வார்ப்பு பழையது.

அப்படி ஒருத்தியைக் காட்டு என்றால் சிலப்பதிகாரத்து மாதவியைக் காட்டுவேன். புகார்க் கடற்கரையில் யாழைச் சுருதி கூட்டிக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் பாடி முடித்ததும் தானே வாங்கி வாசித்துப் பாடுகிறாள். இவள் மனம் வேறொருவன்மேல் என்று எண்ணி அவன் பிரிந்துபோகிறான். அவளுடைய பாட்டுத் திறம்தான் கதையையே திருப்புகிறது. இனிமையாக இருந்துகொண்டிருப்பது மட்டும் அவள் வேலையா என்ன? மகளுக்குப் பெயரிடும்போது நாம் 'இனியவள்' என்று சொல்லி அவள் கையிலிருந்த யாழைப் பிடுங்கிவிடுகிறோம்.

அடுத்த சங்கடம் ழகரம். ஆங்கிலத்தில் 'இசட், எச்' போட்டு எழுதுகிறோம். அதைப் பார்த்துப் பள்ளியில் 'யாஜினி' என்கிறார்கள். கனிமொழியை இந்தி நாளிதழ்கள் 'கனிமோஜி' என்று எழுதுவதும் இதே வழியில்தான். ஆனால் 'தமிழ்' இந்தியில் 'தமில்' என்றே நடக்கிறது. அங்கே ஆங்கில எழுத்து குறுக்கிடவில்லை. தேவநாகரியில் ழகரத்துக்கென்றே புள்ளியிட்ட எழுத்து உண்டு, பயன்படுத்துவோர்தான் அரிது. அது நடக்காவிட்டால் மராத்தியில் உள்ள ளகரத்தையாவது போட்டு, சேர்க்கைப் படிவத்தில் நாமே எழுதிக் கொடுத்துவிடலாம். வீட்டில் பாட்டி 'யாளினி' என்று கூப்பிட்டால் பரவாயில்லை. 'யாஜினி'யில் யாழ் இல்லை.